காசோலைக்குப் பெயர் உண்டு, பிரீமியத்துக்குப் பெயர் இல்லை

ஆசிரியருக்கு,

வணக்கம்.

மானியப் பயனாளிகள் பட்டியலை வெளியிடலாமா கூடாதா என்ற பேச்சு நம் ஊரில் எழும்போதெல்லாம், "அமெரிக்காவில் எந்த விவசாயி எவ்வளவு வாங்கினார் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாமே" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். அது பாதிதான் உண்மை. மாட்டுப் பண்ணையாளர்களுக்குப் போகும் பணத்தை எடுத்துக்கொண்டால் இந்தப் பாதி தெளிவாகத் தெரியும். அரசு நேரடியாக எழுதும் காசோலைக்கு அங்கே பெயர் உண்டு. காப்பீட்டு நிறுவனத்தின் வழியாக அரசு கட்டும் பிரீமியப் பங்குக்குப் பெயர் கிடையாது. இரண்டும் ஒரே கஜானாவிலிருந்து, பல நேரம் ஒரே பண்ணைக்கு, ஒரே வறட்சிக்காகப் போகிற பணம். இந்த வித்தியாசத்தை விளக்கவே இக்கடிதம்.

முதலில் பெயர் உள்ள பக்கம். இந்தப் பட்டியலை அங்கே யாரும் மனமுவந்து கொடுத்துவிடவில்லை. பருத்தி விலை ஆதரவு வாங்கியவர்களின் பெயர்களைத் தர வேளாண் துறை மறுத்தபோது, வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டது. 1996ல் நீதிமன்றம் நாளிதழின் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு, என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்ற அமைப்பு நாடு முழுவதற்குமான பட்டியலை வாங்கி, பெயர் தட்டினால் தொகை வரும்படி 2001ல் இணையத்தில் ஏற்றியது. இப்போது வேளாண் துறையின் பண்ணைச் சேவை முகமை தானே ஆண்டுவாரியாக எக்செல் கோப்புகளை வெளியிடுகிறது. ஒவ்வொரு வரியிலும் கவுன்டி (மாநிலத்தின் உட்பிரிவான நிர்வாகப் பகுதி) அலுவலகம், பெறுபவர் பெயர், அஞ்சல் முகவரி, தொகை, பணம் போன தேதி, திட்டத்தின் பெயர், திட்ட ஆண்டு ஆகியவை இருக்கும்.

கோப்பு கையில் கிடைத்தவுடன் கூட்டிப் பார்த்துத் தலைப்புப் போடுகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் மூன்று இடங்களில். முதலாவது தேதி. பணம் போன தேதி வேறு, திட்ட ஆண்டு வேறு. மேய்ச்சல் வறட்சி நிவாரணத்தை 2014 பண்ணைச் சட்டம் நிரந்தரமாக்கியபோது, 2011 அக்டோபர் 1 முதலான இழப்புகளுக்கும் முன்தேதியிட்டுக் கொடுத்தார்கள். பணம் போன தேதியை மட்டும் வைத்து வரைபடம் போட்டால், 2014ல் மட்டும் மானியம் கொட்டியதுபோலத் தெரியும். உண்மையில் அது முந்தைய ஆண்டுகளின் வறட்சிக்கான பாக்கி. இரண்டாவது முகவரி. அது பணம் பெறுபவரின் அஞ்சல் முகவரி, மாடு மேயும் நிலத்தின் முகவரி அன்று. பெருநகர அடுக்குமாடி முகவரிக்கு மாட்டு நிவாரணம் போயிருந்தால், நிலம் வேறெங்கோ இருக்கிறது என்று பொருள். மோசடி என்று அதிலிருந்து மட்டும் சொல்லிவிட முடியாது. மூன்றாவது பெயர். ஒரே ஆள் சொந்தப் பெயரிலும், "அண்ட் சன்ஸ்" என்றும், எல்.எல்.சி. (வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனம்) என்றும் மூன்று வரிகளில் வரலாம். அப்பாவும் மகனும் ஒரே பெயரில், பின்னால் ஜூனியர் என்ற சொல் விட்டுப்போய், ஒரே ஆளாகவும் தெரியலாம். இவர்களைப் பிரித்துக்காட்டும் பொது அடையாள எண் கோப்பில் இல்லை. பெயர், முகவரி, கவுன்டி மூன்றும் பொருந்தினால் மட்டுமே இரண்டு வரிகளைச் சேர்க்க வேண்டும். அப்போதும் "இது நம் ஊகம்" என்று எழுதிவிடுவதே நேர்மை.

இத்தனை குறை இருந்தும் அந்தப் பதிவுகளுக்கு என்ன பயன் என்று கேட்டால், 2002, 2003 ஆண்டுகளின் கால்நடை இழப்பீட்டுத் திட்டத்தைப் பார்க்கச் சொல்வேன். வறட்சியில் தவித்த பண்ணையாளர்களுக்கென்று தொடங்கிய திட்டம் அது. நஷ்டம் ஏற்பட்டதென்று காட்ட வேண்டியதில்லை. மாடு இருந்து, கவுன்டி ஏதாவது ஒரு பேரிடர் அறிவிப்பில் இடம்பெற்றிருந்தால் போதும். 2003 பிப்ரவரியில் கொலம்பியா விண்கலம் சிதறி அதன் துண்டுகள் கிழக்கு டெக்சாஸில் விழுந்தன. அதற்காக வந்த பேரிடர் அறிவிப்பை வைத்தே அங்குள்ள பண்ணையாளர்களும் தகுதி பெற்றார்கள். 2006ல் வாஷிங்டன் போஸ்ட் அரசுப் பதிவுகளை வறட்சித் தரவோடு பொருத்திப் பார்த்தது. சுமார் 120 கோடி டாலர் செலவான திட்டத்தில் 63.5 கோடி டாலர், மிதமான வறட்சியோ வறட்சியே இல்லாமலோ இருந்த பகுதிகளுக்குப் போயிருந்தது. பணம் எந்த ஊருக்குப் போனது என்ற பதிவு கைக்குக் கிடைக்காமல் இருந்திருந்தால் இந்தக் கணக்கை யாரும் போட்டிருக்க முடியாது.

அதன் பின் வந்த மேய்ச்சல் வறட்சி நிவாரணம் எவ்வளவோ மேல். தகுதியை அலுவலரின் விருப்பத்துக்கு விடாமல், நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் வறட்சி மையமும் கூட்டாட்சி அரசுத் துறைகளும் சேர்ந்து வாராவாரம் வியாழக்கிழமை வெளியிடும் வறட்சி வரைபடத்தோடு கட்டிவிட்டார்கள். மேய்ச்சல் பருவத்தில் கவுன்டியின் எந்தப் பகுதியிலாவது டி3 என்ற தீவிர வறட்சி ஒரு முறை பதிவானால் மூன்று மாத நிவாரணம். அது நான்கு வாரம் இருந்தாலோ, அதைவிடக் கொடிய டி4 ஒரு முறை பதிவானாலோ நான்கு மாதம். டி4 நான்கு வாரம் இருந்தால் ஐந்து மாதம். டி2 என்ற கடும் வறட்சி தொடர்ந்து எட்டு வாரம் இருந்தால் ஒரு மாதம் என்றிருந்தது. 2025 சட்டம் இந்தக் கடைசி வரம்பைத் தளர்த்தியிருக்கிறது.

"எந்தப் பகுதியிலாவது" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க மேற்கில் கவுன்டி என்பது நம் வட்டம் அளவோ மாவட்டம் அளவோ இல்லை. கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ கவுன்டி மட்டும் ஏறத்தாழ 52,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் ஐந்தில் இரண்டு பங்கு. அத்தனை பெரிய பரப்பின் ஒரு மூலை காய்ந்தால் மறு மூலைக்கும் தகுதி வந்துவிடும்.

தொகை எப்படி வருகிறது என்பதை ஒரு கணக்காகவே போட்டுவிடலாம். வளர்ந்த இறைச்சி மாடு ஒன்றுக்கு நாளுக்கு 15.7 பவுண்டு மக்காச்சோளத்துக்கு இணையான தீவனம் என்று சட்டமே எழுதியிருக்கிறது. 30 நாளுக்கு 471 பவுண்டு. மக்காச்சோளத்தின் தேசிய சராசரி விலையில் 12 மாதச் சராசரி, 24 மாதச் சராசரி இரண்டில் எது கூடுதலோ அதை எடுத்து, புஷல் என்ற தானிய அளவு ஒன்றுக்கு 56 பவுண்டு என்று வகுக்க வேண்டும். விலை புஷலுக்கு 4.48 டாலர் என்று வைத்துக்கொண்டால் பவுண்டுக்கு 8 சென்ட். மாதத் தீவனச் செலவு 37.68 டாலர். அதில் 60 சதவீதம், அதாவது மாடு ஒன்றுக்கு மாதம் சுமார் 22.61 டாலர் நிவாரணம். 500 மாடு, ஐந்து மாதம் என்றால் சுமார் 56,500 டாலர். ஒருவருக்கு ஆண்டு உச்சவரம்பு 1,25,000 டாலர். இந்த விலையில், ஐந்து மாத நிவாரணம் பெறும் கவுன்டியில், 1,105 மாடுகளுக்கு மேல் வைத்திருப்பவருக்கு வரம்பு முட்டிவிடும். முந்தைய இரண்டு ஆண்டுகளில் வறட்சியால் விற்ற மாடுகளுக்கும் கணக்கு உண்டு, ஆனால் வீதத்தில் 80 சதவீதம்தான்.

அப்படியானால் பட்டியலில் உள்ள தொகையிலிருந்து பின்னோக்கிப் போய் மாட்டு எண்ணிக்கையைக் கண்டுபிடித்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. மாட்டு எண்ணிக்கையின்படி வரும் தொகை ஒன்று, நிலத்தின் மேய்ச்சல் தாங்குதிறன்படி வரும் தொகை இன்னொன்று. இரண்டில் எது குறைவோ அதுதான் அடிப்படை. 6,000 ஏக்கர், ஒரு மாட்டுக்கு 15 ஏக்கர் என்று கவுன்டிக் குழு நிர்ணயித்திருந்தால், 500 மாடு வைத்திருந்தாலும் 400க்குத்தான் பணம். 12 ஏக்கர் என்று நிர்ணயித்தால் 500க்கும் கிடைக்கும். அந்த 15ஐயும் 12ஐயும் முடிவுசெய்யும் கவுன்டிக் குழுவில் இருப்பவர்கள் அதே கவுன்டி விவசாயிகள் தேர்ந்தெடுத்த அக்கம்பக்கத்து விவசாயிகள். உள்ளூர் நிலம் அறிந்தவர்கள் நிர்ணயிப்பது நல்லதுதான். ஆனால் வெளியிலிருந்து யாரும் சரிபார்க்க முடியாத நிலையில் அது நல்லதாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. 2008 பண்ணைச் சட்டத்தின் 1619ஆம் பிரிவு, விவசாயி தன் நிலத்தையும் தொழிலையும் பற்றி அரசுக்குக் கொடுக்கும் விவரத்தையும் நில வரைபடத் தரவையும் வெளியிடத் தடை போட்டது. கொடுத்த பணத்தின் விவரத்துக்கு மட்டும் விலக்கு வைத்தது. ஆகவே, யாருக்கு எவ்வளவு என்பது தெரியும். எத்தனை மாட்டுக்கு, எத்தனை ஏக்கருக்கு என்பது தெரியாது. தணிக்கைக்குத் தேவைப்படுவதோ இந்த இரண்டாவது விவரம்.

கூட்டு நிறுவனங்களின் திரையும் இப்படித்தான். பொதுக் கூட்டாண்மைக்கு வரம்பு நிறுவன அளவில் இல்லை, கூட்டாளிகள் ஒவ்வொருவர் அளவிலும் உண்டு. ஐந்து கூட்டாளி என்றால் ஐந்து வரம்பு. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம், எல்.எல்.சி. போன்ற சிலவகை நிறுவனங்களையும் இதே முறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. உள்ளே இருக்கும் ஆட்கள் யார் என்பது அரசுக்குத் தெரியாமல் இல்லை. உறுப்பினர் விவரத்துக்கென்றே சிசிசி-901 என்ற படிவம் இருக்கிறது. நிறுவனத்துக்குள் நிறுவனமாக நான்கு அடுக்கு வரை தோண்டி, கடைசியில் இருக்கும் தனிநபரின் கணக்கில் தொகையை ஏற்றித்தான் வரம்பைச் சரிபார்க்கிறார்கள். அந்தக் கணக்கு ஏற்கெனவே கணினியில் இருக்கிறது. வெளியிடும் கோப்பில் மட்டும் நிறுவனத்தின் பெயரோடு நின்றுவிடுகிறது. பொதுக் கூட்டாண்மைகள் உறுப்பினர் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளும் வாய்ப்பு இருக்கும் இடத்தில், இந்த ஒரு விவரத்தைப் பொதுவில் வைக்காமல் வரம்பு பற்றிப் பேசுவதில் பயனில்லை என்பது என் கருத்து.

இனி, பெயரே இல்லாத பக்கத்துக்கு வருகிறேன்.

மேய்ச்சல் நிலத்துக்கான மழைக் காப்பீடு 2007ல் முன்னோட்டமாகத் தொடங்கியது. இன்று 20 கோடி ஏக்கருக்கும் மேல் இதில் இருக்கிறது. வயலுக்கு யாரும் வந்து சேதம் பார்ப்பதில்லை. நாட்டையே கால் டிகிரி அகலக் கட்டங்களாகப் பிரித்து, இரண்டு மாத இடைவெளிக்கு அந்தக் கட்டத்தில் பெய்த மழையை நீண்டகாலச் சராசரியோடு ஒப்பிடுகிறார்கள். 1,000 ஏக்கர், ஏக்கருக்கு அடிப்படை மதிப்பு 20 டாலர் என்று ஒரு கற்பனைக் கணக்கு வைப்போம். அந்த மதிப்பைக் கூட்டவோ குறைக்கவோ விவசாயி தேர்ந்தெடுக்கும் உற்பத்திக் காரணி 60 முதல் 150 சதவீதம் வரை போகும், 150 எடுத்துக்கொள்கிறார். மழை சராசரியில் எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் பணம் வரும் என்பதற்கான பாதுகாப்பு அளவு 70 முதல் 90 வரை, 90 எடுக்கிறார். மொத்தப் பாதுகாப்பு 27,000 டாலர். அதில் பாதியை மார்ச்–ஏப்ரல் இடைவெளியில் வைக்கிறார், அதாவது 13,500. அந்தக் கட்டத்தின் மழைக் குறியீடு 60, அதாவது சராசரியில் 60 சதவீதம் என்று வந்தால், 90க்குக் குறைந்தது 30, அதாவது மூன்றில் ஒரு பங்கு. 4,500 டாலர் வந்து சேரும். மாடு இளைத்ததா, புல் காய்ந்ததா என்று யாரும் கேட்பதில்லை. தன் நிலத்தில் மழை பொய்த்து, கட்டத்தின் மற்ற பகுதியில் பெய்துவிட்டால் ஒரு சென்ட்கூட வராது. இது அந்தக் காப்பீட்டின் இயல்பான குறை. பண்ணையாளர்களின் நியாயமான மனக்குறையும்கூட.

பிரீமியத்தில் அரசின் பங்கு, 90 சதவீதப் பாதுகாப்புக்கு 51 சதவீதம், 85க்கும் 80க்கும் 55, 75க்கும் 70க்கும் 59. மொத்த பிரீமியம் 5,000 டாலர் என்றால் 90 எடுத்தவர் 2,450 கட்டுகிறார், அரசு 2,550 கட்டுகிறது. நேரடி நிவாரணத்துக்கு இருப்பதுபோல இதற்கு ஆளுக்கு இவ்வளவு என்ற உச்சவரம்பு கிடையாது. வருமான வரம்பும் கிடையாது. மூன்றாண்டுச் சராசரி வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டினால் நிவாரணத்துக்குப் பொதுவாகத் தடை என்ற விதி இங்கே பொருந்தாது. ஒரே நிலத்துக்கு, ஒரே வறட்சிக்கு, மேய்ச்சல் நிவாரணமும் வாங்கலாம், இந்தக் காப்பீட்டுத் தொகையும் வாங்கலாம். முதலாவது பட்டியலில் பெயரோடு வரும். இரண்டாவது வராது, ஏனென்றால் கூட்டாட்சிப் பயிர்க் காப்பீட்டுச் சட்டத்தின் 502ஆம் பிரிவு தனிப்பட்ட காப்பீட்டுதாரரின் விவரத்தை வெளியிடக் கூடாது என்கிறது. கிடைப்பதெல்லாம் கவுன்டிவாரியான கூட்டுத்தொகை: எத்தனை பாலிசி, எத்தனை ஏக்கர், எவ்வளவு பிரீமியம், அதில் அரசுப் பங்கு எவ்வளவு, திரும்ப வந்த தொகை எவ்வளவு. ஒரு கவுன்டியில் 10 லட்சம் டாலர் அரசுப் பங்கு போயிருந்தால், அது நூறு சிறு பண்ணைகளுக்குப் பத்தாயிரம் பத்தாயிரமாகப் போனதா, ஒரே பெரும்பண்ணை ஆறு லட்சத்தை எடுத்துக்கொண்டதா என்பதை அந்தக் கூட்டுத்தொகை சொல்லாது.

காப்பீடு என்பது தனியார் ஒப்பந்தம், விவசாயி தன் கைக்காசையும் போடுகிறார், அதை ஏன் வெளியிட வேண்டும் என்று பண்ணையாளர் தரப்பில் கேட்கிறார்கள். அவர் கட்டிய 2,450 டாலரையோ, அவருக்குத் திரும்ப வந்த 4,500 டாலரையோ வெளியிட வேண்டாம் என்றே நானும் சொல்வேன். திரும்ப வந்ததில் அவருடைய சொந்தப் பணமும் கலந்திருக்கிறது. அதை அப்படியே மானியம் என்று எழுதுவது தவறு. அரசு கட்டிய 2,550 டாலர் பொதுப்பணம். அதை மட்டும் பெயரோடு போட்டால் போதும்.

மூன்றாவதாக, காசோலையாகவும் பிரீமியமாகவும் வராத சலுகை ஒன்று உண்டு. மேற்கு மாநிலங்களின் கூட்டாட்சி நிலத்தில், ஒரு பசுவும் கன்றும் அல்லது ஐந்து ஆடுகள் ஒரு மாதம் மேய 2019 முதல் 2025 வரை கட்டணம் 1.35 டாலர். 1978 சட்டத்தில் வந்த சூத்திரத்தை வைத்து, 1986ல் ஜனாதிபதி ரீகன் பிறப்பித்த உத்தரவு இதற்குக் கீழே போகக் கூடாது என்று வைத்த அடித்தளம் அது. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2005ல் கணக்குப் பார்த்தபோது, 2004 நிதியாண்டில் மேய்ச்சலுக்காக அரசு குறைந்தது 14.4 கோடி டாலர் செலவழித்து, கட்டணமாகச் சுமார் 2.1 கோடிதான் வசூலித்திருந்தது. நில மேலாண்மை முகமையின் உரிமங்கள் யாரிடம் உள்ளன என்பதைப் பொதுவில் பார்க்க முடிகிறது. ஆனால் ஒருவருக்குக் கிடைத்த சலுகையின் டாலர் மதிப்பு எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

தனியுரிமைக் கவலையைத் தள்ளிவிடுகிறவன் இல்லை நான். ஐரோப்பிய நீதிமன்றம் 2010 நவம்பரில், வேளாண் மானியம் பெற்ற தனிநபர்கள் எல்லோருடைய பெயரையும் வேறுபாடில்லாமல் வெளியிட்ட விதியை ரத்து செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதோடு பட்டியலை மூடிவிடவில்லை. 2013ல் புதிய விதி எழுதி, 1,250 யூரோ வரை வாங்கும் சிறு விவசாயிகளின் பெயரை மறைத்து, அதற்கு மேல் வாங்குவோரின் பெயரை மீண்டும் வெளியிட்டது. அமெரிக்கக் கோப்பில் நடப்பது தலைகீழ். தனிமையான பண்ணை வீட்டின் தெரு முகவரி வரை தருகிறார்கள். அதனால் மோசடிக் கடிதம் அனுப்புகிறவனுக்குத்தான் பயன். கணக்குப் பார்க்கிறவனுக்குத் தேவையான மாட்டு எண்ணிக்கை, கூட்டாளிகள், பிரீமியப் பங்கு ஆகியவற்றை மறைக்கிறார்கள். தெரு முகவரியை நீக்கி, கவுன்டியோடு நிறுத்தி, அந்த மூன்றையும் சேர்த்தால் சிறு பண்ணையாளரின் பாதுகாப்பும் கூடும், கணக்கும் தெளியும்.

இது நமக்கு எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிஎம் கிசான் திட்டத்தில் பயனாளிகள் பட்டியல் கிராமவாரியாக இணையத்தில் இருக்கிறது. அப்படியிருந்தும் 2020ல் தமிழ்நாட்டில், அலுவலர்களின் கணினிக் கடவுச்சொல்லைப் பயன்படுத்தி, தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டது வெளியே வந்தது. நூறு கோடி ரூபாய்க்கு மேல் போனது. பெயர் இருந்தது, அந்தப் பெயருக்குத் தகுதி கொடுத்த நிலம் எது என்பது பக்கத்தில் இல்லை. அமெரிக்காவில் 1619ஆம் பிரிவு விட்டுவைத்திருக்கும் ஓட்டையும் இதே வகைதான். பயிர்க் காப்பீட்டிலும் நம் விவசாயி காரீப் பருவத்துக்கு 2 சதவீதமும் ரபிக்கு 1.5 சதவீதமும் கட்ட, மீதிப் பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டுகின்றன. அதுவும் பொதுப்பணம்தான்.

ஆகவே, தங்கள் நாளிதழ் பயனாளிகள் பட்டியலைக் கேட்டு எழுதும்போது பெயரையும் தொகையையும் மட்டும் கேட்டு நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பரப்புக்கு அல்லது எத்தனை கால்நடைக்கு என்ற எண்ணையும், எந்த ஆண்டின் இழப்புக்கு என்பதையும், காப்பீட்டில் அரசு கட்டிய பங்கையும் அதே வரியில் கேளுங்கள். கைபேசி எண்ணும் வீட்டு முகவரியும் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்